வலியை அளத்தல்

1952-ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியில் அரிவாள்போல் வளையும் சிவப்பணுக்கள் இருத்தலைக் கண்டு வெளியிட்டனர். 1957-இல், நம் மாதுங்காவுக்கு அணித்தேயுள்ள பரேலில், இரத்தவகை ஆய்வு நிலையம் ஒன்று தோன்றிற்று. குருதியை அளக்க வழி பிறந்தது. நோயாளியின் நாள் எங்ஙனம் கழிகிறது என்பதை எதைக்கொண்டு அளப்பது?

1990-களில் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அறிய நூறு வினாக்களை வகுத்தது. அப்பணியில் பங்குகொண்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று. பின்னர் அவை 26 ஆகச் சுருங்கின. கடந்த இரு வாரங்களில் உடல்வலி வேலைக்குத் தடையாயிற்றா, உறக்கம் நன்றா என்றவாறு அவை வினவும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு ஈண்டு ஓர் ஐயம். வலி, நோவு, குத்தல், குடைச்சல், உளைச்சல் என்று நம் மக்கள் பிரித்துரைக்கும் துன்பமெல்லாம் ஒரு சொல்லில் அடங்குமோ? அன்றியும், வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது எழும் இக்கொடிய வலி, வந்து வந்து போவது. இரு வாரம் நலமாயிருந்தவன் 'நலம்' என்றே விடையளிப்பான். மூன்றாம் வாரம் கூலியிழந்து அவன் சுருண்டு கிடப்பதை அத்தாள் அறியாது.

அமெரிக்காவில் இந்நோய்க்கெனவே ஆக்கப்பெற்ற வினாத்தாளோ, கடந்த 12 திங்களில் வலி எத்தனை முறை தாக்கிற்று என்று கேட்கிறது. அதனைத் தமிழாக்கப் புகுவோர், அகராதியைப் புரட்டுமுன் நீலகிரிக்குச் சென்று, அவ்வலிக்கு அம்மக்கள் இட்டுள்ள பெயரைக் கேட்டெழுதுதல் வேண்டும்.