குறைந்த செலவில் வேகம்: சோழவரம் முதல் சாகா வரை



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குக் கார் இயந்திரத்தில் என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். எங்கள் லாபிஸ் பட்டணத்தில், ஆறாம் ஆண்டை முடித்துச் சென்ற மாணவர்களுள் பலரை நான் மீண்டும் காணும் இடம் கார்ப் பட்டறைதான். பழைய புரோட்டோன் சாகாவின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு நிற்பார்கள். "பட்டறையே கதியென்று கிடக்கிறான், சார்" என்று பெற்றோர் வருந்துவதையும் கேட்கிறேன். அப்பிள்ளைகள் ஈடுபட்டிருக்கும் கலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் தமிழருக்கும் நல்ல பங்கு உண்டு. அவ்வரலாற்றையே இங்கே பதிவு செய்ய விழைகிறேன்.

பழைய காரின் வேகத்தைக் கூட்டும் ஆசை அமெரிக்காவில்தான் பெரும் இயக்கமாக வளர்ந்தது. 1964-இல் போன்டியாக் நிறுவனம், நடுத்தர அளவுள்ள தன் காருக்குள் 6.4 லிட்டர் வி8 இயந்திரத்தைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்ற பெயரில் விற்றது. 'மசில் கார்' எனப்படும் தசைவலுக் கார்களின் காலம் அத்துடன் தொடங்கியது என்பர். இக்கார்கள் செல்வந்தர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1968-இல் வந்த பிளிமத் ரோட் ரன்னர், ஆடம்பரங்கள் பலவற்றை நீக்கி, 335 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்துடன் 3,000 டாலருக்கும் குறைவான விலையில் வந்தது. இளைஞரின் பணப்பையை அளந்து செய்யப்பட்ட கார் அது!

ஆனால் அமெரிக்க இளைஞனுக்குக் கிடைத்த பெரிய இயந்திரம் எல்லா நாட்டிலும் கிடைக்கவில்லை. அது கிடைக்காத இடத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவையாகத் தோன்றும் பகுதி.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. மக்கள் வாங்கக்கூடியவை பெரும்பாலும் மூன்றே. ஒன்று அம்பாசிடர், மற்றொன்று பிற்காலத்தில் பத்மினி என்று பெயர் பெற்ற பியட் 1100, மூன்றாவது, சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு. ஹெரால்டின் இயந்திரம் வெறும் 948 சிசி. பியட்டுடையது 1,089 சிசி. இந்தச் சின்ன இயந்திரங்களை வைத்துக்கொண்டுதான் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பந்தயம் நடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. என்சைன் என்னும் பார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டிய விஜய் மல்லையா போன்ற செல்வந்தரும் அத்திடலில் இருந்தனர்; அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்லும் காரைச் செதுக்கிக் கொண்டுவந்தவரும் இருந்தனர்.

செதுக்குதல் என்ற சொல்லை நான் அணிக்காக எழுதவில்லை. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பை ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ சீவுவார்கள். எரியறை சிறுத்து, கலவை கூடுதலாக நெருக்கப்படும். வெடிப்பின் விசை மிகும். அளவு மீறிச் சீவினாலோ, அக்காலத்து மட்டமான பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடித்து பிஸ்டனைத் துளைத்துவிடும். காற்று உள்ளே செல்லும் வழியையும் புகை வெளியேறும் வழியையும் அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வரும். பின் இருக்கை, தரைவிரிப்பு, கதவின் உள்தகடு எல்லாம் கழன்று வீட்டுத் திண்ணைக்குப் போகும். இவற்றுள் மிகுதியும் கூலி வேலை; விலை கொடுத்து வாங்கும் பொருள் சொற்பம். கடைசல் இயந்திரத்தின் முன்னால் பொறுமையாக நிற்கத் தெரிந்தவனே பணக்காரன்.

இந்த மரபின் உச்சமாக நான் கருதுபவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த சுந்தரம் கரிவரதன். நண்பர்கள் 'கரி' என்று அழைத்தனர். ஆலைத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர், பந்தய ஓட்டுநர். அவர் நினைத்திருந்தால் தமக்கு மட்டும் வெளிநாட்டுக் கார் ஒன்றை வரவழைத்து ஓடியிருக்கலாம். அவரோ வேறு வழியை எண்ணினார்.

1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். குடும்பத்தோடு கடைவீதிக்குச் செல்லும் கார் அது. கரிவரதன் அந்த இயந்திரத்தை எடுத்து, இரும்புக் குழாய்களை இணைத்துச் செய்த ஒற்றை இருக்கைச் சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். 1980களின் பிற்பகுதியில் பார்முலா மாருதி என்ற பந்தய வகை இவ்வாறு பிறந்தது. ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கும் கணக்கு இது. 650 கிலோ காரை 40 குதிரைகள் இழுத்தால் ஒரு குதிரைக்குச் சுமார் 16 கிலோ. காரின் எடையைப் பாதியாக்கிவிட்டால் ஒரு குதிரைக்கு 8 கிலோதான். இயந்திரத்துக்கு ஒரு காசும் செலவழிக்காமலே அதன் வலிமையை இரட்டிப்பாக்கியதற்கு இது சமம். உதிரிப்பாகமோ ஊர்தோறும் கிடைக்கும். எல்லாருக்கும் ஒரே வகை இயந்திரம் என்பதால், பணத்தைவிட ஓட்டும் திறமைக்கே மதிப்பு அதிகம்.

1990-இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அங்கே இந்த மாருதிக் கார்களில் பழகியவர்களுள் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணியில் இடம்பெற்று, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைக் காணவில்லை. 1995-இல் சிறு விமான விபத்தொன்றில், நாற்பத்தோரு வயதளவில் மறைந்தார். 2003-இல் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்படும்வரை, கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சென்ற வண்டிகளுள் பல சிகாமட், லாபிஸ், யோங் பெங் வழியே கூட்டரசு முதலாம் சாலையில்தான் சென்றன. சாலையோரப் பட்டணங்களில் பட்டறைகள் பெருகியதில் வியப்பில்லை. 1985 ஜூலையில் சாகா பிறந்தது. அதன் 4ஜி13 இயந்திரம் 1,298 சிசி, மிட்சுபிஷியின் வடிவமைப்பு. அந்த ஓர் உறவுதான் பிற்காலத்து இளைஞருக்கு வாய்ப்பாக அமைந்தது. ஜப்பானில் காரை முதலில் மூன்றாண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அச்செலவைத் தாங்காமல் பலர் நல்ல நிலையிலுள்ள காரையே கழித்துவிடுகின்றனர். அவற்றின் முன்பாதி, வெட்டப்பட்ட 'ஆப்-கட்' ஆக இங்கே கப்பலில் வந்திறங்கும். 1.8 லிட்டர் 4ஜி93, இன்னும் துணிந்தவர்க்கு 2 லிட்டர் டர்போ 4ஜி63 என்று, கியர்பாக்சும் கம்பிக்கட்டும் சேர்ந்தே கிடைக்கும். முதலாளி ஒரு போமன். சீடர்கள் நம் முன்னாள் மாணவர்கள். சிலிண்டரைச் சீவும் பொறுமை தேவைப்படவில்லை. முழு இதயத்தையே மாற்றிவிடலாம்.

இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. பழைய சாகாவின் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம் பிரேக். 1.3 லிட்டருக்கு அளந்து வைத்தவை அவை. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரை நிறுத்துவதற்கும் 120-இல் செல்வதை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மடங்கு அன்று. இரண்டே கால் மடங்கு. வேகத்தின் வர்க்கத்துக்கேற்பவே ஆற்றல் வளர்கிறது. இரவில் லாபிஸ் சாலையில் சீறிச் செல்லும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம் இந்த எண்தான் நினைவில் எழுகிறது. பழைய காருக்குச் சிக்கனமாக வலுவூட்ட விரும்புவோர் முதலில் டயரையும் பிரேக்கையும், அடுத்துச் சுருள்வில்லையும் அதிர்வுதாங்கியையும் மாற்றி, தேவையற்ற எடையைக் குறைத்து, கடைசியில்தான் இயந்திரத்தைத் தொட வேண்டும். இயந்திரம் மாற்றினால் வாகனச் சோதனையும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவும் வேண்டும். பெற்றோர் இவ்விரண்டு தாள்களையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. பட்டறைக்குப் போகாதே என்று தடுப்பதைவிட, பிரேக்கை யார் மாற்றியது என்று கேட்பது பயனுள்ள கேள்வி என்பது என் கருத்து.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த 2002-ஆம் ஆண்டில், நம் நாட்டுக் கரம்ஜிட் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், உற்பத்திக் கார்களுக்கான உலக ரெலி வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றார். அப்பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. அவர் ஓட்டிய புரோட்டோன் பெர்ட், 1995-இல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் மூன்றை அடிப்படையாகக் கொண்டது. எதிரே நின்றவை அதைவிடப் புதிய எவல்யூஷன்களும் சுபாரு இம்பிரேசாக்களும். அவ்வகைப் போட்டியில் இயந்திரத்தைப் பெரிதாக மாற்ற விதி இடம் தரவில்லை; அதிர்வுதாங்கி, டயர்த் தேர்வு, ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்தபின் போமன்களின் கைவேலை ஆகியவற்றில்தான் நேரத்தைச் சேமிக்க முடிந்தது. என் பழைய மாணவர்களிடம் இப்பெயரைச் சொன்னால் கண்கள் விரிகின்றன. கரிவரதன் பெயரை இன்னும் அவர்களுள் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அடுத்த முறை பட்டறைப் பக்கம் போகும்போது அவருடைய கார்களின் படங்களைக் கொண்டு செல்ல எடுத்து வைத்திருக்கிறேன்.