டைஎலக்ட்ரிக்: தடுப்பதா, ஊடே விடுவதா?

'டைஎலக்ட்ரிக்' என்ற சொல்லின் தலையிலுள்ள 'டை'யை இரண்டு என்று கொள்வோர் உண்டு. கார்பன் டைஆக்சைடு படித்த பழக்கம். இதுவோ கிரேக்கத்தின் 'டியா', பொருள், ஊடே. அடுத்து உயிர் வந்ததால் ஈற்று உயிர் கெட்டது. குற்றியலுகரப் புணர்ச்சி தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

சொல்லை ஆக்கித் தந்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல். கேட்டு வாங்கியவர் மைக்கேல் ஃபாரடே. 1834-இல் ஃபாரடேக்கு அனோடு, கேத்தோடு, அயனி ஆகிய பெயர்களைக் கொடுத்தவரும் அவரே. 1836 டிசம்பரில் மீண்டும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. மின்விசை வெட்டவெளியைத் தாண்டிக் குதிப்பதில்லை, இடையிலுள்ள பொருளின் துகள்களில் கைமாறிக் கைமாறிப் போகிறது என்று ஃபாரடே நம்பினார். அந்த இடைப்பொருளை 'இன்சுலேட்டர்' என்றால் போதவில்லை. லத்தீனில் தீவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த அது, பிரித்து வைப்பதை மட்டுமே சொல்கிறது. ஓட்டத்தைத் தடுத்தாலும் விசையை ஊடே விடுகிறதே, அதற்குத்தான் புதுப்பெயர். 1837-இல் அரக்கு, கந்தகம், கண்ணாடி ஆகியவற்றைச் சோதித்து, இடைப்பொருள் மாறினால் தேங்கும் மின்னூட்டமும் மாறும் என்று ஃபாரடே காட்டினார்.

இந்தப் பெயரின் அருமை தண்ணீரிடம்தான் தெரியும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்திலுள்ள 'இசட்' இயந்திரம் பல மில்லியன் ஆம்பியர் மின்துடிப்பைத் தருவது. அதன் முதற்கட்ட மின்தேக்கிகள் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. அடுத்த கட்டத்தில் ஆற்றலைத் தேக்குவது தண்ணீர். மின்கடத்தியென்று நாம் அஞ்சும் அதே தண்ணீர்! தேங்கும் மின்னூட்டம் எத்தனை மடங்காகும் என்பதைச் சொல்லும் மின்காப்பு மாறிலி எண்ணெய்க்கு 2.2 அளவில், தண்ணீருக்கோ ஏறத்தாழ 80. ஆகவே ஒரே மின்புலத்தில், ஒரே கொள்ளளவில், சுமார் 36 மடங்கு ஆற்றலைத் தண்ணீர் கொள்ளும். நன்கு தூய்மையாக்கிய நீரில்கூட மின்னூட்டம் கசியத்தான் செய்யும். ஆனால் அதற்கு நூறு மைக்ரோவினாடிக்கு மேல் ஆகும். துடிப்பின் வேலை அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும். இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டனில் ஜே.சி. மார்ட்டின் குழு கண்ட விதிப்படி, மின்னழுத்தம் தங்கும் நேரத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால், தண்ணீர் இருமடங்கு மின்புலத்தைத் தாங்கும்.

தமிழ்நாட்டில் நாம் இதை 'மின்காப்பு' என்றும் 'மின்கடத்தாப் பொருள்' என்றும் எழுதுகிறோம். இரண்டும் பழைய இன்சுலேட்டரின் தமிழே. இலங்கைத் தமிழ் நூல்களோ 'மின்னுழையம்' என்கின்றன, மின் நுழைவது. ஹியூவெல் நினைத்ததற்கு நெருங்கி நிற்பது இதுவே. நம் பாடநூல்களும் இதை எடுத்துக்கொள்ளலாம்.