பூட்டும் உடம்பும்

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைப் பெரியவர் ஒருவரிடம் பழைய மாங்காய்ப் பூட்டொன்றைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூரு வேலதான். அரம் போட்டிருக்கறதப் பாத்தாலே தெரியுதே" என்றார். செய்தவரை அவருக்குத் தெரியாது. செய்கிற விதம் தெரியும்.

உயிரிகளில் 'அறிவார்ந்த வடிவமைப்பை' அறிவியலால் கண்டுகொள்ள முடியும் என்போர் உரிமை கொண்டாடுவது இந்தக் கண்ணைத்தான். 1802இல் பேலி கடிகாரத்தைக் காட்டினார். 1996இல் மைக்கேல் பெஹே எலிப்பொறியைக் காட்டினார்: ஒரு பாகம் போனாலும் இயங்காது, ஆகவே படிப்படியாக வந்திருக்க முடியாது. பாக்டீரியா நீந்தும் இழை அவரது முக்கியச் சாட்சி. ஆனால் அவ்விழையின் அடிப்பகுதிப் புரதங்கள் பலவற்றின் உறவுக்காரப் புரதங்கள், வேறு பாக்டீரியாக்களில் நச்சுப்புரதம் செலுத்தும் ஊசியாக வேலை பார்க்கின்றன. பாதிப் பொறிக்கும் பிழைப்பு உண்டு. 2005இல் அமெரிக்காவின் டோவர் வழக்கில் இது அறிவியல் அன்று எனத் தீர்ப்பாயிற்று.

இதை மேற்கத்தியத் தகராறு என்று ஒதுக்குகிறவர்களோடுதான் எனக்குப் பிணக்கு. பழனிக்குப் பக்கத்து ஐவர்மலையில் கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர், இயக்கியர் உருவங்களைப் புதுப்பித்துப் பொன் வைத்த செய்தி அது. உலகம் அனாதி, படைத்தவன் இல்லை என்ற சமணம் நம் சமவெளியில் கல்லில் நின்ற காலம். அதே நூற்றாண்டில் ஜினசேனர் ஆதிபுராணத்தில் படைப்புவாதத்தைக் கேள்விகளால் குடைந்தார். பின்னர் உதயணர், குடத்துக்குக் குயவன் போல் உலகுக்கு ஈசுவரன் என்று அனுமானம் கட்டினார்.

இவ்வகை அனுமானத்தைக் கறாராக உடைத்தவர் நாத்திகர் அல்லர், ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர். குடம் செய்யக்கூடிய பொருள். மண்ணெடுத்து வனைகிற வித்தை நாம் அறிந்தது. மலையும் கடலும் அப்படியா? செய்யப்பட்டவை என்றே வைத்தாலும் செய்தவர் ஒருவர்தானா, ஒரே சமயத்திலா? குயவனுக்கு உடம்புண்டே, ஈசுவரனுக்கு? ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வாதம் போகிற திசை இது. அவருக்குச் சான்று வேதம் மட்டுமே. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நம்பிக்கையை அனுமானமாக வேடம் கட்ட மறுத்த நேர்மை இன்றைய 'வடிவமைப்பு' சொல்லாடலில் இல்லை.

2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடநூலில் பரிணாமத்தை எடுத்தது. பாடச் சுமையாம்! 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்கிறார்கள். பத்தாவதோடு படிப்பை விட்டு வேலைக்குப் போகிற பிள்ளை அதை எங்கே போய்ப் படிக்கும்?