முளைப்பாரியும் ஒரு மூட்டை பார்லியும்



ஆடி மாசம் பிறந்தால் சிதம்பரம் பக்கத்து ஊர்களில் அம்மனுக்கு முளைப்பாரி போடுகிறோம். மண்ணும் எருவும் நிரப்பிய சட்டியில் நவதானியம் தூவி, இருட்டு அறையில் வைத்துத் தண்ணி தெளிக்கிறோம். பத்து நாளுக்குள் வெளிர்மஞ்சளாக முளை எழும்பிவிடும். கும்மி கொட்டி, தலையில் சுமந்து போய் ஆற்றிலோ குளத்திலோ கரைக்கிறோம். "முளை நல்லா வந்தா வெள்ளாமை நல்லா வரும்"னு எங்க ஆயா சொல்வாங்க.

கிரேக்க நாட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு ஏதென்ஸ் நகரப் பெண்கள் உடைந்த சட்டிகளில் கோதுமை, பார்லி விதைத்து மாடியில் வளர்த்து, கடைசியில் தண்ணீரில் விட்டார்கள்.

விவசாயம் பிறந்த கதையும் அவர்களிடம் பெண்ணின் கதைதான். தானியத் தாய் டெமட்டர். அவள் மகள் பெர்செபோனியைப் பாதாள ராஜா தூக்கிப் போனான். பெத்தவ துக்கத்தில் பூமி முளைக்கவே இல்லை. மகள் திரும்பி வந்ததும் பச்சை பிடித்தது. பிறகு டெமட்டரே டிரிப்டோலமஸ் என்பவனுக்குப் பயிர்த்தொழில் கற்றுக்கொடுத்தாளாம். எலூசிஸ் என்ற ஊரில் அவளுக்கு ரகசிய வழிபாடு நடந்தது. பெண்களும் அடிமைகளும்கூடச் சேரலாம். ஆனால் உள்ளே கண்டதை வெளியே சொல்லக் கூடாது. விதைப்புக்கு முன்பு வரும் தெஸ்மோபோரியா விழாவில் ஆண்களுக்கு இடமே இல்லை. நம் தென்பாண்டிச் சீமையின் ஔவையார் நோன்பு மாதிரி.

இவ்வளவு மரியாதையும் சாமி கும்பிடும்போது மட்டும்தான். ஏதென்ஸ் சட்டப்படி, ஒரு மெடிம்னோஸ், அதாவது சுமார் 52 லிட்டர் பார்லியின் மதிப்புக்கு மேல் ஒரு பெண் கொடுக்கல் வாங்கல் செய்யக் கூடாது. தானியத்துக்குத் தெய்வம் பெண். ஆனால் ஒரு மூட்டைக்கு மேல் அவள் பேச்சு செல்லாது!

நம்ம கதை மட்டும் என்ன? நாற்று நடுவதும் களை பறிப்பதும் நாம். பட்டா யார் பேரில் இருக்கிறது?

1989-ல் தமிழ்நாடு அரசு, இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. அதே 1989-ல்தான் தர்மபுரியில் அரசின் மகளிர் குழுத் திட்டமும் தொடங்கியது. இன்று நாமே சேமித்து, கடன் வாங்கி, கணக்கெழுதி, கையெழுத்துப் போடுகிறோம்.

அடுத்த ஆடிக்கு முளைப்பாரி போடும்போது, வீட்டுப் பெட்டியில் இருக்கும் பட்டாவையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. விதை நம்ம கையில் இருந்தால் மட்டும் போதாது, சகோதரிகளே.