மலைத் தண்ணீரும் உருளும் குண்டும்



கோப்பெங் பட்டணத்தை விட்டு மலைப்பக்கம் போனால், துருப்பிடித்துக் கொடி படர்ந்து கிடக்கும் பழைய இரும்புக் குழாய்களைக் காணலாம். ஈய லம்பங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாய்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து ஈயத் தொழில் தெரிந்தவர்கள் இங்கே வந்தார்கள். இங்கே ஈயத் தொழில் நடத்தியவர்களில் ஆஸ்பார்ன் என்பவர் பெயர் பெற்றவர். மலையில் ஓடும் ஆற்றைத் தடுத்து, நீரைக் குழாயில் இறக்கி, நுனியில் மானிட்டர் என்னும் கூம்புக் குழலைப் பொருத்தினார்கள். அதிலிருந்து பாய்ந்த நீர் மண்மேட்டையே உடைத்துத் தள்ளியது. இயந்திரம் எதுவும் இல்லாமல் தண்ணீருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் சொல்ல, நாம் ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

செம்பனைக் குலை ஏற்றிய தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளினால் போகிறது, கையை எடுத்தால் நிற்கிறது. ஆகவே, ஒரு பொருள் ஓடவேண்டுமானால் ஏதாவது ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில் அப்படித்தான் எழுதினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பார்த்த வண்டியும் நம் வண்டியைப்போல் மண்பாதையில் ஓடிய வண்டிதானே. இடையில் சிலர் மறுத்தபோதிலும், அந்தக் கருத்து நெடுங்காலம் நிலைத்தது.

நம் தோட்டத்திலும் அது நிலைத்திருந்தது. 1990களின் தொடக்கத்தில், தோட்டப் பிள்ளைகளாகிய நாம் இடைநிலைப் பள்ளிக்கு லாரியில் நின்றுகொண்டே போவோம். ஒருநாள் பாதையில் மாடு குறுக்கே வந்ததால் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். நாம் முன்பலகையில் மோதி, தாடை கிழிந்து இரத்தம் கொட்டிற்று. பின்னால் நின்ற பையன் நம்மேல் விழுந்தான். அவன் தள்ளிவிட்டான் என்று நாமே எல்லாரிடமும் சொன்னோம். அன்று மாலை லயத்தில் அவனுக்குத் தன் தகப்பனாரிடம் நல்ல அடி. ஆனால் அவன் யாரையும் தள்ளவில்லை. லாரி நின்றது, நாம் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஓடிக்கொண்டிருந்த உடம்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இந்தப் பாடத்தைப் படித்த அன்றுதான் நமக்கு இது விளங்கியது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இந்த உண்மைக்குக் கதவைத் திறந்தவர் இத்தாலி நாட்டுக் கலிலியோ. கீழே விழும் பொருள் எப்படி வேகம் கொள்கிறது என்று அவர் அறிய விரும்பினார். நேராக விழும் பொருளோ கண்மூடித் திறப்பதற்குள் தரையைத் தொட்டுவிடும். அவர் காலத்தில் நொடியைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரமும் கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? நீண்ட மரப்பலகையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். சாய்வில் குண்டு மெதுவாகப் போகும் அல்லவா? நேரத்தை அளக்க, ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை வழியவிட்டு, குண்டு ஓடிய நேரத்தில் சேர்ந்த தண்ணீரைத் தராசில் நிறுத்தார். பால் எடை போடும் நம் மக்களுக்கு இது எளிதில் புரியும். முதல் நேரப் பங்கில் குண்டு 1 பங்கு தூரம் போனால், இரண்டாம் பங்கில் 3, மூன்றாம் பங்கில் 5. மொத்தத் தூரம் 1, 4, 9 என்று ஏறும். ஒவ்வொரு சம நேரத்திலும் ஒரே அளவு வேகம் கூடுகிறது என்பதே இதன் பொருள். வேகம் கூடும் இந்த விகிதத்தையே முடுக்கம் என்கிறோம். வீட்டுக் காவலில் இருந்த முதுமையில் அவர் எழுதிய நூல் 1638இல் ஹாலந்து நாட்டில் அச்சேறியது. அப்போது அவருக்குக் கண்பார்வை போய்விட்டிருந்தது.

அந்தக் கண்ணற்ற கிழவருக்கு உதவியாகக் கடைசி மாதங்களில் உடனிருந்தவர் டாரிசெல்லி என்ற இளைஞர். நம் கோப்பெங் குழாய்க்குக் கணக்குச் சொன்னவர் அவரே எனலாம். பாத்திரத்தின் துளையிலிருந்து பாயும் நீருக்கு, அதே உயரத்திலிருந்து கீழே விழுந்த பொருளின் வேகம் இருக்கும் என்று அவர் 1644இல் வெளியிட்டார். கணக்குக்காக 100 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். விழும் பொருள் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூடுதலாகப் பெறும். 100 மீட்டர் இறங்கியதும் அதன் வேகம் நொடிக்கு 44 மீட்டர். மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர்! குழாயின் உராய்வு இதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அப்படியும் மிஞ்சுவது சாமானியமான வேகமல்ல.

பிறகு இங்கிலாந்தின் நியூட்டன் 1687இல் தம் இலத்தீன் நூலில் விசையையும் அசைவையும் சேர்த்து விதிகளாக எழுதினார். விசை இல்லாவிட்டால் ஓடுவது நேராக ஓடிக்கொண்டே இருக்கும், நிற்பது நின்றுகொண்டே இருக்கும். விசை வந்தால்தான் வேகமோ திசையோ மாறும். விசை என்பது பொருண்மையும் முடுக்கமும் பெருக்கிய தொகை என்று இன்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வடிவத்தைப் பின்னால் 1750இல் அமைத்தவர் ஆய்லர். வெற்று வண்டியையும் குலை நிறைந்த வண்டியையும் ஒரே பலத்தோடு தள்ளிப் பாருங்கள். எது சட்டென்று வேகம் பிடிக்கிறது என்று கை சொல்லும். நம் தள்ளுவண்டி நிற்பதற்குக் காரணம் நாம் கையை எடுத்ததல்ல. எதிர்த்து இழுக்கும் உராய்வு என்ற விசை.

மானிட்டருக்குத் திரும்புவோம். அகலக் குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் மேலிருக்கும் நீரின் பாரம் அதைப் பின்னாலிருந்து நெருக்குகிறது. குறுகலான வாயில் முன்னால் எதிர்ப்புக் குறைவு. ஆகவே பின்னாலிருந்து வரும் தள்ளல் மிஞ்சி நீரை முடுக்குகிறது. வாயின் பரப்பு குழாயின் பரப்பில் 20இல் ஒரு பங்கானால் வேகம் 20 மடங்கு. அந்த நீர் மண்மேட்டில் மோதி ஒரு நொடியின் சிறு பகுதியில் நிற்கவேண்டும். அதை நிறுத்த மேடு பெரிய விசை கொடுக்கிறது. அதே அளவு விசையை நீரும் மேட்டுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மண் சரிகிறது. மானிட்டரும் பின்னுக்கு உதைக்கும் என்பதால் அதன் அடியை இறுக்கிக் கட்டவேண்டும்.

கரைந்த சேற்றைப் பாலோங் என்னும் நீண்ட மரவாய்க்காலில் ஓடவிடுவார்கள். ஈயத்தாது தண்ணீரைப்போல் சுமார் 7 மடங்கு கனம். மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். மணல் ஓடிவிடும், ஈயம் தங்கும். மிச்சத்தை டூலாங் தட்டில் அரித்துப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் சீனப் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் நாளெல்லாம் குனிந்து செய்த வேலை அது. அந்தக் கைகளுக்குத் தெரிந்த கணக்கு எந்த நூலிலும் ஏறவில்லை. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயவிலை சரிந்தபின் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இப்போது கம்பார் ஆற்றில் ரப்பர் படகு விட்டு விளையாட வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

லாரியில் அடிவாங்கிய அந்தப் பையன் இன்று ஈப்போவில் லாரி ஓட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் பார்த்து, நடந்ததை விளக்கி மன்னிப்புக் கேட்டோம். "நான் தள்ளலேன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே, வாத்தியாரே" என்றார்.

நம் வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு முனைக்குக் கீழே நான்கு புத்தகங்களை வைத்து, கோலிக்குண்டு உருட்டுவோம். தொடக்கத்திலிருந்து 10, 40, 90, 160 சென்டிமீட்டரில் மெல்லிய நூல் கட்டியிருப்போம். ஒவ்வொரு நூலிலும் குண்டு தட்டும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். தூரம் வேறுவேறாக இருக்க, சத்தம் மட்டும் தாளம் போட்டதுபோல் ஒரே இடைவெளியில் வரும். வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் குழாயின் சாய்வைக் கூட்டியும் குறைத்தும் கேட்கலாம். தாளம் வேகமாகும், மெதுவாகும், ஆனால் இடைவெளி சமமாகவே இருக்கும்.