பிறவித் திறமை என்னும் பேச்சு: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் இனமும் பண்பாடும்

ஜெஃப் ஸ்டோன், ஸக்கரி பெர்ரி, ஜான் டார்லி என்னும் மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் 1997இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றின் வானொலி வர்ணனையை ஒலிக்கவிட்டு, குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரரை மட்டும் கவனித்து மதிப்பிடச் சொன்னார்கள். அவர் கறுப்பினத்தவர் என்று சிலரையும், வெள்ளையர் என்று வேறு சிலரையும் புகைப்படம் காட்டி நம்பவைத்திருந்தார்கள். ஒலிப்பதிவு ஒன்றேதான். ஆயினும் கறுப்பினத்தவர் என்று நம்பியவர்கள் அவருடைய உடல்திறனையும் ஆட்டத் திறனையும் உயர்த்தி மதிப்பிட்டார்கள். வெள்ளையர் என்று நம்பியவர்கள், உடல்திறன் குறைந்தாலும் களத்தறிவும் விடாமுயற்சியும் மிக்கவர் என்று மதிப்பிட்டார்கள். கண்ணால் பார்க்காத ஆட்டத்திலேயே நிறம் இவ்வளவு வேலை செய்கிறது.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து பற்றிய பொதுப்பார்வையை இனவெறுப்பு என்ற ஒரே சொல்லால் விளக்கிவிடலாம். ஆனால் அது போதாது. வெறுத்தவர்கள் மட்டுமல்ல, கைதட்டிக் கொண்டாடியவர்களும் திறமைக்கான காரணத்தை ஆட்டக்காரரின் பிறப்பில்தான் தேடினார்கள். என்.பி.ஏ. லீக்கில் கறுப்பினத்தவர் காலடி வைக்கும் முன்பே இந்தப் பழக்கம் இருந்தது. 1980களுக்குப் பிறகு இனத்தை வெளிப்படையாகப் பேசுவது கூச்சமானபோது, அதுவே ‘பண்பாடு’ பற்றிய பேச்சாக வேடம் மாறித் தொடர்ந்தது. லீக் நிர்வாகமும் அதற்கு ஒருபுறம் அஞ்சியது, மறுபுறம் அதை வைத்து வியாபாரமும் செய்தது. இக்கட்டுரை இதைத்தான் வாதிக்கிறது.

முதல் சான்று யூதர்களுடையது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த இந்த ஆட்டம், அடுத்த 40 ஆண்டுகளில் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ போன்ற நகரங்களின் குடியேறிகள் பகுதிகளில் வேரூன்றியது. ஃபிலடெல்ஃபியாவின் ‘ஸ்பாஸ்’ அணி, தெற்கு ஃபிலடெல்ஃபியா ஹீப்ரு சங்கத்தின் பெயர்ச் சுருக்கத்தைத் தாங்கி ஆடியது. பிராட்வுட் ஹோட்டலின் நடன மண்டபத்தில் சனிக்கிழமை இரவுகளில் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் அதே தரையில் நடனம். 1930களின் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் அவ்வணி பலமுறை பட்டம் வென்றது. 1946 நவம்பர் 1 அன்று, பின்னாளில் என்.பி.ஏ. ஆன லீக்கின் முதல் ஆட்டத்தில், முதல் புள்ளிகளை எடுத்த ஆஸி ஷெக்ட்மனும் யூதரே. அக்காலத்தின் புகழ்பெற்ற விளையாட்டு எழுத்தாளர் பால் காலிகோ, 1938இல் வெளியான தம் நூலில் யூதர்கள் இந்த ஆட்டத்தில் சிறப்பதற்குக் காரணம் சொன்னார். சூழ்ச்சித் திறன், கண்ணை ஏய்க்கும் தந்திரம், நழுவிப் போகும் சாமர்த்தியம் இவையெல்லாம் யூதர்களின் இயல்பு என்பதே அவர் கண்டுபிடிப்பு.

உண்மைக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. நெரிசலான குடியிருப்பில் புல்வெளிக்கு இடமில்லை. ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தால் ஆட்டம் நடக்கும். சமூகக் கூடங்களில் பயிற்சி இலவசம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூதக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போயின, பிள்ளைகள் கல்லூரிக்கும் உத்தியோகத்துக்கும் நகர்ந்தார்கள். தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் வட நகரங்களின் இதே போன்ற நெருக்கடியான தெருக்களில் குடியேறின. குடியிருந்தவர்கள் மாறினார்கள், பிறப்பைக் காட்டும் விளக்கம் மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. யூதர் வென்றபோது அது மூளையின் தந்திரம். கறுப்பினத்தவர் வென்றபோது அது காலின் எலும்பு, தசை. பயிற்சியும் உழைப்பும் இரண்டு விளக்கங்களிலும் காணாமல் போயின.

கறுப்பின ஆட்டத்தின் தரம் அக்காலத்துக்குத் தெரியாததல்ல. பாப் டக்ளஸ் 1923இல் நிறுவிய ‘நியூயார்க் ரெனெசான்ஸ்’ அணி, 1939இல் சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் வெள்ளையர் அணிகளையும் வென்று பட்டம் பெற்றது. ஆனால் பொதுமக்கள் நினைவில் நின்றது அந்த அணி அல்ல, ஏப் சேப்பர்ஸ்டீன் நடத்திய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ். 1948இல் ஜார்ஜ் மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸை அவர்கள் 61–59 என்று தோற்கடித்திருக்கிறார்கள். எனினும் அவர்கள் பெயர் கோமாளித்தனத்தோடுதான் சேர்ந்திருக்கிறது. சிரிக்கவைக்கும்வரை அந்தத் திறமை வெள்ளைப் பார்வையாளரை அச்சுறுத்தவில்லை. 1950இல் சக் கூப்பர், ஏர்ல் லாயிட், நாட் கிளிஃப்டன் ஆகிய மூவர் என்.பி.ஏ.வில் நுழைந்தனர், அக்டோபர் 31 அன்று முதலில் களமிறங்கியவர் லாயிட். இவர்களுக்கு முன்பே, 1947இல், ஜப்பானிய அமெரிக்கரான வாட்டரு மிசாக்கா நியூயார்க் நிக்ஸ் அணிக்காக மூன்று ஆட்டங்கள் ஆடியிருந்தார். வெள்ளை, கறுப்பு என்ற இருநிறக் கணக்கில் இடமில்லாததால் அவர் பெயர் நெடுங்காலம் யாருக்கும் நினைவில்லை.

அடுத்து பில் ரஸல். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு 13 பருவங்களில் 11 பட்டங்கள். 1966இல் என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். தற்காப்பை ஒரு சிந்தனைக் கலையாக மாற்றியவர். எதிரியின் பந்தைத் தடுக்கும்போதும் அதைப் பார்வையாளர் பக்கம் விளாசாமல், தன் அணியினர் கைக்குச் சேரும்படி தட்டிவிட்டவர். ‘களத்தறிவு’ என்ற புகழ்ச்சி ஒருவருக்கு உரியதென்றால் அவருக்குத்தான் உரியது. ஆனால் பாஸ்டன் கார்டன் அரங்கு நிரம்பவில்லை. அதே அரங்கில் ஐஸ் ஹாக்கி அணி தோற்றுக்கொண்டே இருந்த ஆண்டுகளிலும் அதற்குக் கூட்டம் அதிகம். ரெடிங் என்ற சிற்றூரிலிருந்த ரஸலின் வீட்டுக்குள் நுழைந்தவர்கள் அதைச் சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். வெற்றி மட்டும் பார்வையை மாற்றிவிடும் என்று நம்புவோர் இந்த 13 ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

1967இல் கல்லூரி விளையாட்டு அமைப்பு, வளையத்துக்கு மேலெழும்பிப் பந்தை உள்ளே திணிக்கும் ‘டங்க்’கைத் தடைசெய்தது. காயங்களும் வளையச் சேதமும் காரணமாகச் சொல்லப்பட்டன. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் லூ அல்சிண்டர், பிற்காலத்துக் கரீம் அப்துல் ஜப்பார், அதில் இனத்தின் நிழலைக் கண்டார். தடை 1976வரை நீடித்தது. அதே பத்தாண்டில் போட்டி லீக்கான ஏ.பி.ஏ., சிவப்பு வெள்ளை நீலப் பந்தோடு, ஜூலியஸ் எர்விங் போன்றோரின் டங்க்கை விளம்பரமாக்கி உயிர்பிழைத்தது. ஓரிடத்தில் ஒழுங்கீனம், இன்னோரிடத்தில் சரக்கு.

என்.பி.ஏ.வின் ‘இருண்ட காலம்’ என்று விளையாட்டு எழுத்தாளர்கள் சொல்லிவரும் 1970களுக்கு வருவோம். பத்தாண்டின் முடிவில் ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். 1977 டிசம்பரில் கெர்மிட் வாஷிங்டன் விட்ட குத்தில் ருடி டோம்ஜனோவிச் உயிருக்குப் போராடினார். குத்தியவர் கறுப்பினத்தவர், குத்துப்பட்டவர் வெள்ளையர். கோக்கெய்ன் செய்திகள் பெருகின. 1980 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் 20 வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளிகள் எடுத்ததை, பெரும்பாலான நகரங்களில் சி.பி.எஸ். தொலைக்காட்சி நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் பதிவாகத்தான் காட்டியது. மக்கள் விலகியது போதைப்பொருளாலும் அடிதடியாலும்தான், இனத்தால் அல்ல என்று வாதிடுவோர் உண்டு. ஒப்பிட்டுப் பார்த்தால் அந்த வாதம் நிற்பதில்லை. ஐஸ் ஹாக்கியில் ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் அடிதடியையே அடையாளமாக்கி 1974, 1975 ஆண்டுகளில் கோப்பை வென்று, நகரத்தின் செல்லப்பிள்ளைகள் ஆனார்கள். பேஸ்பாலில் கோக்கெய்ன் எவ்வளவு பரவியிருந்தது என்பது 1985 பிட்ஸ்பர்க் நீதிமன்ற விசாரணைகளில் வெளிவந்தது. அதற்காக பேஸ்பாலைக் கெட்டுப்போன ஓர் இனத்தின் ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளையர் குற்றம் தனிமனிதர் குற்றமாகவும், கறுப்பினத்தவர் குற்றம் ஆட்டத்தின் குணமாகவும் வாசிக்கப்பட்டன.

தெரீசா ரன்ஸ்டெட்லர் 2023இல் வெளியிட்ட ‘பிளாக் பால்’ நூல் இன்னொரு கோணத்தைச் சேர்க்கிறது. ஸ்பென்ஸர் ஹேவுட் 1971இல் உச்ச நீதிமன்றம்வரை போனதும், ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் 1970இல் தொடங்கிய வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்ததும், ஆட்டக்காரர்களை அணி உரிமையாளரின் பிடியிலிருந்து பெருமளவு விடுவித்தன. சம்பளம் உயர்ந்தது. ‘இருண்ட காலம்’ என்ற கதை அந்தத் தொழிலுரிமைப் போராட்டத்துக்கு எழுந்த எதிர்வினையும்கூட என்பது அவர் வாதம். எனக்கு இது பெரும்பாலும் சரியாகவே படுகிறது.

1979 மார்ச்சில் கல்லூரி இறுதிப் போட்டியில் எதிரெதிரே நின்ற மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும் லீக்கை மீட்டார்கள் என்பது வழக்கமான வரலாறு. மீட்டது எது என்பதை அது சொல்வதில்லை. இண்டியானா சிற்றூரிலிருந்து வந்த வெள்ளையர் ஒருவர், லேன்சிங் நகரக் கறுப்பினத்தவர் ஒருவர். முன்னவர் பாஸ்டன் அணியில், பின்னவர் லாஸ் ஏஞ்சலஸ் அணியில். இனப் பகைமையை வாய்விட்டுச் சொல்லாமலே பக்கம்பிரிந்து பார்க்க வசதியான ஏற்பாடு. 1987இல் பேர்டின் அணியிடம் தோற்றபின், எதிரணியின் டென்னிஸ் ராட்மன் அவரை மிகையாகப் புகழப்படுபவர் என்றார். அவரோடு ஆடிய ஐசையா தாமஸ் ஒருபடி மேலே போய், பேர்ட் கறுப்பினத்தவராக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவராகவே கருதப்பட்டிருப்பார் என்ற பொருளில் பேசினார். பேர்டைப் பற்றிய மதிப்பீடாக அது தவறு, நாடே கொதித்தது. பின்னர் தாமஸ் தந்த விளக்கத்தைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். கறுப்பினத்தவர் ஆடினால் பிறவித் திறமை என்கிறார்கள், பேர்ட் ஆடினால் சிந்தனை, உழைப்பு என்கிறார்கள். நாங்கள் பயிற்சியே செய்வதில்லையா என்பது அவர் கேட்டதன் சாரம். வானொலிச் சோதனை வெளிவருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அதன் முடிவை அவர் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்துப் பார்வைக்குப் பணக் கணக்கும் உண்டு. ஆய்வாளர்கள் லாரன்ஸ் கான், பீட்டர் ஷெரர் 1988இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1980களின் நடுவில் ஒரே தரத்தில் ஆடிய கறுப்பினத்தவருக்கு வெள்ளையரைவிடச் சுமார் 20 விழுக்காடு குறைவான ஊதியம் கிடைத்தது. வெள்ளை ஆட்டக்காரர் சேர்ந்தால் அரங்கில் கூட்டம் கூடியதையும் அவர்கள் கண்டனர்.

1984இல் டேவிட் ஸ்டெர்ன் லீக்கின் ஆணையரானார். அதே ஆண்டு மைக்கேல் ஜார்டன் வந்தார். சிரிப்பு, கோட்டு, அரசியல் பேசாத நாவு: நிறத்தைக் கடந்தவர் என்று ஜார்டனை விற்க முடிந்தது. வெறும் நிறம் இனித் தடையல்ல. நிறத்தோடு சேர்ந்து வரும் வாழ்முறையே தடை என்று விதி மாறியது. 1996இல் வந்த ஆலன் ஐவர்சன் அந்த விதியின் மறுபக்கம். பின்னல் முடி, பச்சை குத்திய கைகள், ஹிப் ஹாப் உடை. லீக்கின் சொந்த இதழான ‘ஹூப்’ 2000இல் அவர் படத்தை அட்டையில் போட்டபோது, பச்சையையும் நகைகளையும் தூரிகையால் அழித்துவிட்டது. ஐவர்சனின் பனியன்களோ கடைகளில் அமோகமாக விற்றன. உடம்பு வேண்டும், அதிலுள்ள எழுத்து வேண்டாம்.

2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட்டை அடுத்த ஆபர்ன் ஹில்ஸ் அரங்கில், மேசைமேல் மல்லாந்து கிடந்த ஆட்டக்காரர் ரான் ஆர்டெஸ்ட் மீது பார்வையாளர் ஒருவர் குவளையை வீசினார், ஆர்டெஸ்ட் இருக்கைகளுக்குள் பாய்ந்தார், அடிதடி பரவியது. அவருக்கு மொத்தம் 86 ஆட்டங்கள் தடை. அவர் செய்ததற்குத் தண்டனை தேவைதான். ஆனால் அடுத்துவந்த வாரங்களில் தொலைக்காட்சி விவாதித்தது அவரையோ குவளை வீசியவரையோ அல்ல, ‘ஹிப் ஹாப் தலைமுறை’யை. 2005 அக்டோபரில் லீக் உடை விதி கொண்டுவந்தது: அரங்குக்கு வரும்போது மேலே தெரியும் சங்கிலி, தலைக்கட்டு, டி-ஷர்ட், உள்ளரங்கில் கறுப்புக் கண்ணாடி எதுவும் கூடாது. ஆட்டக்காரர் ஸ்டீபன் ஜாக்சன் அதை இனப்பாகுபாடு என்றார். ஓய்வுபெற்ற கறுப்பின ஆட்டக்காரர் சார்ல்ஸ் பார்க்லியோ ஆதரித்தார். ஆதரித்த கறுப்பினத்தவரும் இருந்தார்களே என்பதைக் காட்டி விதியின் இனத்தன்மையை மறுப்பார்கள். பண்பாடு என்ற வேடத்தின் வலிமையே அங்கேதான் இருக்கிறது: வர்க்கத்தாலும் தலைமுறையாலும் பிரிந்திருந்த கறுப்பினத்தவரில் ஒரு பகுதியை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடிந்தது. சங்கிலி யார் கழுத்தில் கிடந்தது என்பதை விதி எழுதவில்லை; எழுத அவசியமும் இல்லை.

அட்லாண்டா ஹாக்ஸ் உரிமையாளர் புரூஸ் லெவன்சன் 2012இல் எழுதிய மின்னஞ்சல் 2014இல் வெளிவந்தபோது இது பச்சையாகவே தெரிந்தது. அரங்கில் கறுப்பினக் கூட்டம் அதிகமென்பதால் வெள்ளையர் ஒதுங்குகிறார்கள் என்று கருதிய அவர், பரிந்துரைத்ததோ இசையையும் நடனக் குழுவையும் மாற்றுவது. இனம் நோய், பண்பாடு மருந்து. அதே 2014இல் கறுப்பினத்தவரைப் பற்றி இன்னோர் அணி உரிமையாளரான டொனால்ட் ஸ்டெர்லிங் பேசிய பேச்சு ஒலிப்பதிவாக வெளிவர, லீக் அவரை வாழ்நாள் முழுக்க விலக்கியது. வாய்விட்டுப் பேசும் இனவெறியை லீக் எளிதாகத் தண்டிக்கும். லெவன்சன் விட்டுச்சென்ற கேள்வி, பார்வையாளரைப் பற்றி உரிமையாளர் போடும் கணக்கு, அவ்வளவு எளிதாகத் தண்டனைக்கு அகப்படாது.

வெள்ளை, கறுப்பு என்ற இந்தச் சட்டகத்துக்கு வெளியே இருப்பவர் கண்ணிலேயே படுவதில்லை என்பதற்கு ஜெரமி லின் உதாரணம். தைவான் பூர்வீகம், ஹார்வர்ட் படிப்பு. 2010இல் எந்த அணியும் அவரைத் தேர்வில் எடுக்கவில்லை. 2012 பிப்ரவரியில் நியூயார்க்கில் வாய்ப்புக் கிடைத்து, லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள் எடுத்தபோது எல்லோரும் வியந்தார்கள். அவர் வேகம் அன்றைக்குப் பிறந்ததல்ல.

இந்தப் பார்வை மாறக்கூடியதா? பொருளியலாளர்கள் ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் இருவரும் 1991 முதல் 2004 வரையான தரவுகளை ஆராய்ந்து, நடுவர் குழுவின் இனம் ஆட்டக்காரரின் இனத்திலிருந்து வேறுபடும்போது அவர்மீது சுமத்தப்படும் தவறுகள் சற்றே கூடுகின்றன என்று காட்டினர். 2007 மே மாதம் ஒரு செய்தித்தாளின் முதல் பக்கத்தில் இது வந்தது, லீக் மறுத்தது. பின்னர் டெவின் போப்புடன் சேர்ந்து அவர்கள் செய்த ஆய்வில், 2007க்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தச் சாய்வு காணப்படவில்லை. நடுவர்களைத் திருத்த லீக் தனி நடவடிக்கை எடுத்ததாகவும் தெரியவில்லை. தாங்கள் எண்ணப்படுகிறோம் என்ற அறிவே போதுமானதாக இருந்தது போலும்.

விசில்களை எண்ணலாம். வர்ணனையாளரின் புகழ்ச்சொற்களையும், பதிவுகள் இருப்பதால், சிரமப்பட்டாவது எண்ணலாம். ஆனால் எந்த இளைஞனுக்கு ‘களத்தறிவு’, எவனுக்கு ‘உடல்திறன்’ என்று எழுதி அவன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தேர்வாளர் அறிக்கைகள் அணிகளின் அலமாரிகளுக்குள் இருக்கின்றன. அவை வெளியே வருவதில்லை.