பாலின ஹார்மோன்களும் இரத்தக் கொலஸ்ட்ராலும்: ஆய்வக விலங்குச் சோதனைகள்

மாதவிடாய் நிற்கும் வயதுவரை பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடக் குறைவாக வருவதற்குப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனே காரணமாக இருக்கலாம் என்ற ஊகம் இத்துறைச் சோதனைகளைத் தூண்டியது. விலங்குகள் தந்த விடை ஒருமுகமாக இல்லை. ஈஸ்ட்ரோஜன் செலுத்திய சேவலின் இரத்தத்தை உறையவிட்டால் மேலே பிரியும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். முட்டையே இடாத அதன் கல்லீரல், மஞ்சள்கருவுக்குரிய கொழுப்பைத் தயாரித்து இரத்தத்தில் விடத் தொடங்கிவிடுகிறது. ஆனால் 1952இல் சிகாகோவில் ரூத் பிக், ஜெரமையா ஸ்டாம்லர், லூயிஸ் காட்ஸ் குழுவினர் கொலஸ்ட்ரால் கலந்த தீனி தின்ற சேவல்குஞ்சுகளுக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்தபோது, இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவது தடைபட்டது. பெருந்தமனியில் படிவு நிற்கவில்லை, இரத்தக் கொலஸ்ட்ராலும் உயர்ந்தே இருந்தது. இரத்தக் கொலஸ்ட்ரால் அளவை மட்டும் வைத்துத் தமனியின் கதியைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

எலியில் நடப்பது நேர் எதிர்: எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை அதிக அளவில் கொடுத்தால் கொலஸ்ட்ரால் மளமளவென்று சரிகிறது. 1979இல் டல்லஸில் கொவானென், பிரவுன், கோல்ட்ஸ்டைன் மூவரும் அத்தகைய எலிகளின் கல்லீரல், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாகப் பற்றுவதைக் காட்டினர். அவற்றை உள்ளிழுக்கும் ஏற்பிகள் பெருகியதே காரணம். உடலில் இயல்பாகச் சுரப்பதைவிடப் பன்மடங்கு மருந்து தந்து பெற்ற விளைவு இது என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் கல்லீரல் கொலஸ்ட்ராலை எந்த வழியாக அகற்றுகிறது என்ற அறிவுக்கு அந்த மிகை அளவே உதவியது. தவறு, விலங்கின் பலனை அப்படியே மனிதருக்கு மாற்றும்போதுதான் நேர்கிறது. மாரடைப்பிலிருந்து மீண்ட ஆண்களுக்கு அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், புதிய மாரடைப்புகளும் இரத்தக்கட்டிகளும் கூடியதால் 5 மி.கி. அளவு 1970இலும், பயன் தெரியாமல் இரத்தக்கட்டிகள் கூடியதால் 2.5 மி.கி. அளவு 1973இலும் நிறுத்தப்பட்டன.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன், சில திசுக்களில் ஈஸ்ட்ரோஜனைப் போலவும் சிலவற்றில் அதற்கு எதிராகவும் இயங்குவது. 1991இல் ‘சஹேலி’ என்ற கருத்தடை மாத்திரையாக வந்தது. அதன் ஒரு கூறான லெவோர்மெலோக்சிஃபீன், சினைப்பை நீக்கிக் கொலஸ்ட்ரால் ஊட்டிய முயல்களில் தமனிப் படிவைக் குறைத்ததாக 1997இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அறிவித்தனர். மாதவிடாய் நின்ற பெண்களிலும் அது எல்.டி.எல். அளவை இறக்கியது. ஆனால் கருப்பைப் பக்கவிளைவுகள் பெண்களிடம் தெரிந்ததால், எலும்புத் தேய்வுக்கான மருந்தாக அதை வளர்க்கும் முயற்சி கைவிடப்பட்டது. தாய் மருந்தான சென்ட்குரோமன் கருத்தடை மருந்தாக நிலைத்து, 2016இல் ‘சாயா’ என்ற பெயரில் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்தது.